என் நாட்களை ஜெசி ஓடினாள்

நவம்பர் 20, புதன்

ஓடியது: 2 கி.மீ. காய்ச்சல்: 101. நாள்: 741.

எழும்போதே முதுகை யாரோ உலக்கையால் இடித்தது போல இருந்தது. ஆனால் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் குறைந்தாலும், என் வாட்ச்சோடு சேர்ந்த போன் ஆப் அந்த நாளைச் சேர்க்காது. ஒரு நாள் விட்டால் மறுநாள் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மழையிலும், மாமியார் பதினாறாம் நாளிலும் விடாமல் ஓடியவள் ஒரு காய்ச்சலுக்காகவா விடுவேன்? மைதானத்தை ஐந்து சுற்று சுற்றினேன். கடைசிச் சுற்றில் கண் இருட்டியது. அதை அத்தானிடம் சொல்லவில்லை.

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கோமு, சுடுதண்ணி போடட்டா, ஆட்டோ கூப்பிடட்டா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு" என்றார். இரண்டும் வேண்டாம் என்று ஆபீசுக்குப் போனேன். நான் நில அளவையர். இன்று அளக்க வேண்டிய வயலில் எல்லைக்கல்லைக் காணோம். வெயிலில் ஒன்றரை மணி நேரம் தேடினோம். தலையாரிதான், "அம்மா, ஒங்க மொகம் சரியில்ல, கல்லு எங்கயும் ஓடிராது, நாளைக்கிப் பாப்போம்" என்று அனுப்பி வைத்தார்.

டிசம்பர் 8 தொடர் ஓட்டம். நாலு பெண்கள், ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர். போன வருஷம் எங்கள் குழு நாலாவது வந்தது. இந்த வருஷம் மேடையேறியே தீருவது என்று பேசி வைத்திருக்கிறோம். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. காய்ச்சல் என்ன, மூன்று நாள் விருந்தாளி.

நவம்பர் 21, வியாழன்

டெங்குவாம். பிளேட்லெட் தொண்ணூற்றிரண்டாயிரம். டாக்டர் ஹெப்சிபா, "மூணு வாரம் ஓட்டம்கிற பேச்சே கூடாது" என்றார். நான் எட்டாம் தேதியைச் சொன்னேன். "அன்னைக்கி நாற்காலியில உக்காந்து கை தட்டுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து படுத்ததும் அழுகை வந்தது. காய்ச்சலுக்காக அல்ல, 741-க்காக. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுதேன்.

சாயங்காலம் ஜெசி கஞ்சியோடு வந்தாள். ஜெசிந்தா அடுத்த தெரு. ரேஷன் கடையில் எடை போடுகிறவள். என்னைவிட நாலு வயது இளையவள். இரண்டு வருஷமாக எங்கள் குழுவோடு ஓடுகிறாள், எப்போதும் கடைசியில் வந்து சேர்வாள், எப்போதும் சிரித்துக்கொண்டே வந்து சேர்வாள். நான் அழுவதைப் பார்த்துவிட்டு அவள்தான் சொன்னாள்:

"எக்கா, வாட்ச்சத் தாங்க. நான் கட்டிக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் ஓடிட்டு வாரேன். வாட்ச்சுக்கு யாரு காலுன்னு தெரியவா போவுது?"

பதினெட்டு வருஷ சர்வீசில் நான் போய் நிற்காத இடத்தில் நின்றதாக ஒரு வரி எழுதியதில்லை. மந்திரி வீட்டு ஆள் வந்து கேட்டபோதும் எழுதவில்லை. அந்த நான், தலையணை மேலிருந்து கையை நீட்டினேன். ஜெசியே வாரைக் கழற்றிக்கொண்டாள்.

நாள்: 742.

நவம்பர் 23, சனி

பிளேட்லெட் அறுபத்தோராயிரம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு, இளநீர். எதைக் குடித்தாலும் ஒரே கசப்பு. ஜெசி 3 கி.மீ.

நவம்பர் 25, திங்கள்

இன்று அறுபத்தெட்டாயிரம். ஏறத் தொடங்கிவிட்டது. உடம்பெல்லாம் அரிப்பு.

படுத்துக்கொண்டே போனில் ஜெசி ஓடுவதைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. வாட்ச்சுக்குள் சிம் இருப்பதால் வரைபடத்தில் ஒரு நீலக் கோடு உடனுக்குடன் நகரும். சர்ச் முக்கு, வாட்டர் டேங்க், பள்ளிக்கூடச் சுவர் என்று என் வழியிலேயே போகிறாள். எனக்கே காற்று வாங்குவது போல இருக்கிறது. அதன் கீழே நாடித்துடிப்புக் கணக்கும் வருகிறது. என்னுடையது எத்தனை வேகமாக ஓடினாலும் 160 தாண்டாது. ஜெசிக்கு 188. நடக்கும்போதே 140.

வந்ததும் கேலி செய்தேன். "ஏட்டி, நீ ஓடுதியா, இல்ல நாயி தொரத்துதா?"

"நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சு கெடந்து அடிக்க மாரி இருக்குக்கா. கடுங்காப்பி குடிச்சிட்டு ஓடுனேன்லா, அதான்."

மூச்சைக் கட்டத் தெரியாதவள். மூக்கால் இழுத்து வாயால் விடு என்று பத்து நிமிஷம் வகுப்பெடுத்தேன். வாத்தியார் வேலை எனக்கு நன்றாகத்தான் வருகிறது.

நவம்பர் 28, வியாழன்

குழுத் தலைவி மும்தாஜ் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். பழம் ஒரு சாக்கு. விஷயம் வேறு. தொடர் ஓட்டத்துக்குப் பெயர் மாற்றும் கெடு முடிந்துவிட்டதாம். நாலு பேரில் ஒருத்தி குறைந்தால் குழுவையே நீக்கிவிடுவார்கள். "உங்க நம்பர் அட்டையக் குத்திக்கிட்டு ஜெசி ஓடட்டும். எல்லா ஊர்லயும் செய்யறதுதான். யாரும் பார்க்க மாட்டாங்க" என்றாள்.

ஜெசி அப்போது என் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த பாவாடையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"நானா? எக்கா, நான் ஒரு டீம்லயும் இருந்ததில்லக்கா. பள்ளிக்கொடத்துல கோகோவுக்குக்கூட என்னச் சேக்க மாட்டாவ."

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும். என் நாளையும் அவள் ஓடுகிறாள், என் பந்தயத்தையும் அவளே ஓடட்டும். அவள் போன பிறகு ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்னாமல் அப்படியே வைத்துவிட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஒத்திகை ஓட்டம். ஐந்து கிலோமீட்டரை ஜெசி 29 நிமிஷம் 10 நொடியில் ஓடியிருக்கிறாள். என் நேரம் 29:40.

டிசம்பர் 3, செவ்வாய்

நேற்று முழுக்க எழுதவில்லை. எழுதினால் முப்பது நொடியைப் பற்றித்தான் எழுதுவேன்.

முப்பது நொடி. இரண்டு வருஷமாகக் கடைசியில் வந்தவள், நான் படுத்த பத்தாம் நாளில் என்னை முந்திவிட்டாள். அதுவும் என் கையில் இருந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு. எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், போதும்.

சாயங்காலம் வந்தாள். புது ஷூ வாங்கியிருக்கிறாளாம், கிறிஸ்துமஸ் புடவைக்கு வைத்திருந்ததில். வீட்டுக்குள்ளேயே நடந்து காட்டினாள். முகம் மட்டும் வெளிறிக் கிடந்தது. கடையில் கோதுமை மூட்டையை நகர்த்தக் குனிந்தபோது கிறுகிறுவென்று வந்து கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டாளாம். நெஞ்சு அடைத்தாற்போல இருந்ததாம்.

"வாய்வுக்கா. காலையில வெறும் வயித்துல ஓடுதேன்லா."

பெருங்காயத்தை வறுத்துப் பொடித்து மோரில் போட்டுக் கொடுத்தேன். குடித்து இரண்டு ஏப்பம் விட்டாள். இருவரும் சிரித்தோம்.

டிசம்பர் 5, வியாழன்

டாக்டரிடம் மறுபரிசோதனை. பிளேட்லெட் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். எல்லாம் நல்லபடி.

நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எட்டாம் தேதி ஓடாவிட்டாலும் பதினைந்தாம் தேதி ஓடலாமா என்று கேட்டேன். "ஓய்வா இருக்கும்போது துடிப்பு எவ்வளவு இருக்கு? வாட்ச் கட்டுவீங்கள்ல, போனைக் காட்டுங்க" என்று வாங்கிப் பார்த்தார். விரலால் தள்ளிக்கொண்டே போனவர் நிறுத்திவிட்டார்.

"முந்தாநாளு ஓடியிருக்கீங்க?"

மேஜை மேலிருந்த மருந்துச் சீட்டை எடுத்து மடித்தேன்.

"நேத்து? ஞாயித்துக்கிழமை அஞ்சு கிலோமீட்டரா? கோமதி, இது நீங்கதானா?"

நாற்பத்தைந்து வயது. அரசாங்க உத்தியோகம். நாள் கணக்கு விட்டுப்போகாமல் இருக்க வாட்ச்சை இன்னொருத்தி கையில் கட்டி அனுப்புகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆமா டாக்டர், நான்தான்."

அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. திரையை என் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க. ஓடி முடிச்சு அரை மணி நேரம் ஆச்சு, இன்னும் 160-லயே நிக்குது. நடுவுல 90, உடனே 190, மறுபடி 80. ஒழுங்கே இல்ல. டெங்கு சில பேருக்கு இதயத்தையும் தொடும். இப்பவே ஈசிஜி எடுக்கணும்."

எடுத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். எனக்கு எல்லாம் சுத்தமாக இருந்தது. டாக்டர் தாளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "வாட்ச் சில சமயம் தப்பாக் காட்டும். வார் தளர்வா இருந்திருக்கும். ஆனா இது நெஜமா இருந்தா சாதாரணம் இல்ல. இப்படித் துடிக்கிறவங்க ஓடிட்டு இருக்கும்போதே விழுந்துருவாங்க. எக்கோ எடுக்கற வரைக்கும் ஒரு அடி ஓடக் கூடாது."

சரி என்றேன். அத்தான் வெளியே ஸ்கூட்டரோடு நின்றார். எல்லாம் நார்மல் என்றேன்.

வாட்ச் கோளாறாகத்தான் இருக்கும். ஜெசியின் மணிக்கட்டு ஒல்லி. வார் தளர்ந்திருக்கும்.

டிசம்பர் 6, வெள்ளி

ஜெசி 3 கி.மீ. நாள்: 757.

வாட்ச்சைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று நினைத்தேன். வாங்கவில்லை. வாங்கினால் ஏன் என்று கேட்பாள். இரண்டு நாள்தானே.

ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். இரண்டு வாரமாக வீடு வீடாக இல்லை. கொக்கிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, எந்த டப்பா என்று மறந்து அரை மணி நேரம் தேடினேன்.

டிசம்பர் 7, சனி

சனிக்கிழமை சந்தையில் சேனை, சிறுகிழங்கு. அத்தானுக்குக் கிழங்குப் பொரியல். எனக்கு ரசம் சாதம்.

ஜெசி 2 கி.மீ. நாள்: 758. நீலக் கோடு சர்ச் சுவர் ஓரமாக நாலு நிமிஷம் நின்றது. அப்புறம் நகர்ந்தது. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது.

பத்து மணிக்கு வந்தாள். குழுச் சட்டை, நம்பர் அட்டை எல்லாம் வாங்கியாகிவிட்டது. அட்டையில் என் பெயர் பெரிதாக இருந்தது. "சர்ச்சுகிட்ட செத்த நேரம் உக்காந்துட்டேன்க்கா. கண்ணு இருட்டிட்டு. நாளைக்கி ஓடணும்லா, அந்தப் பயம்தான்" என்றாள். இன்று ஓய்வெடு என்றேன். நிறையத் தண்ணீர் குடி என்றேன்.

சொல்லியிருக்கலாம். வாசல் வரை கூடவே போனேன். அவள் புது ஷூவைப் போட்டு முடிச்சுப் போடுகிறவரை நின்றேன். சொன்னால் குழு நீக்கப்படும். மும்தாஜ் பேயாட்டம் ஆடுவாள். ஜெசி புடவையை விட்டு வாங்கிய ஷூ. அதோடு, முப்பது நொடி வேகமாக ஓடியவளிடம் போய் உனக்கு நெஞ்சில் கோளாறு என்று நான் எப்படிச் சொல்வது? யார் நம்புவார்கள்? எனக்கே அதில் எத்தனை பங்கு அக்கறை, எத்தனை பங்கு எரிச்சல் என்று பிரிக்கத் தெரியவில்லை.

பந்தயம் முடியட்டும். திங்கட்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய் எக்கோ எடுக்கிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

காலை ஆறேகால் இருக்கும். தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்தபடி, "இன்னைக்கி ஜெசி ஒம்பேருல ஓடுதால்லா. அட்டைக்குப் பின்னால அவசரத்துக்கு யாரு நம்பரு எழுதியிருக்கு?" என்றார்.

"ஒங்க நம்பர்தான்."

"அப்பம் அவ கீழ விழுந்தா எனக்குல்லா போன் வரும். 'ஒங்க பொண்டாட்டி விழுந்துட்டாங்க'ம்பான். நான் அடுப்படியப் பாத்துட்டு, 'இல்லையே, தோச சுடுதாளே'ம்பேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

தோசை கருகியது. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். எங்கே என்று கேட்டார். பதில் சொன்னேனா என்று நினைவில்லை. மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நைட்டியோடேயே போனேன்.

ஓட்டம் ஆறுக்கே தொடங்கிவிட்டது. மும்தாஜ் இரண்டாவது ஆள், ஜெசி மூன்றாவது. அவர்கள் கை மாறும் இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல். வழியில் இரண்டு இடத்தில் சாலையை மறித்திருந்தார்கள், சந்துகளில் புகுந்து போனேன். பதினெட்டு நாள் ஓடாத கால். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடக்கூட வலுவில்லை, அதை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு ஓடினேன். ஆமாம், ஓடினேன். நூறு மீட்டர் இருக்கும். நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது.

ஜெசி கோட்டருகே குதித்துக் குதித்துக் காலைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னியிருந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. மார்பில் கோமதி என்று என் பெயர்.

"எக்கா! நைட்டியோட வந்துட்டியளே! என்னப் பாக்கவா வந்திய?"

"ஜெசி, நீ ஓடாண்டாம்."

"என்னது?"

"ஒனக்கு நெஞ்சு சரியா அடிக்கல. வாட்ச்சுல பாத்தேன். ஓடுனா விழுந்துருவ. வா, வீட்டுக்குப் போவோம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் அவள் முகமும் மாறியது. தூரத்தில் மைக்கில் குழு எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் எண்ணும் வந்தது. மும்தாஜ் மூன்றாவது இடத்தில் வருகிறாளாம்.

"இப்பச் சொல்லுதிய?" என்றாள். "எனக்கு ஒண்ணுமில்லக்கா. வாய்வுன்னு நீங்கதான் மோரு தந்திய."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"ஒங்க நேரத்த விட நான் கொறச்சலா ஓடிட்டேன். அன்னைலருந்து ஒங்க மொகமே சரியில்ல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளா?"

பொய்யாக இருந்தால் மறுத்திருப்பேன். தெரு முனையில் மும்தாஜின் மஞ்சள் சட்டை தெரிந்தது. ஜெசி என் கையை உதறிவிட்டுக் கோட்டில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

நான் நடுவர் மேஜைக்குப் போனேன். அங்கே தொப்பி போட்ட ஒருவர் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார். "சார், அங்க நிக்கறது கோமதி இல்ல. கோமதி நான். இது ஆள் மாறாட்டம். அவங்கள ஓட விடாதீங்க" என்றேன். அவர் என் நைட்டியைப் பார்த்தார். போனில் ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் விசில் ஊதினார்.

இரண்டு தொண்டர்கள் போய் ஜெசியைக் கோட்டிலிருந்து வெளியே கூட்டி வந்தார்கள். கை மாற்ற மும்தாஜ் நீட்டிய துணிப் பட்டையை வாங்க ஆளில்லை. அவள் அதைக் கையில் பிடித்தபடி, மூச்சு வாங்க, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

மண்டப வாசலில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். ஜெசியின் மார்பில் இருந்த அட்டையை அந்தத் தொப்பிக்காரர் ஊக்குகளைக் கழற்றி எடுத்தார். கள்ளச்சீட்டில் வந்தவளை பஸ்ஸை விட்டு இறக்குவது போல. அவள் அழவில்லை. வாட்ச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இனி எங்கிட்டப் பேசாதிய" என்றாள்.

டிசம்பர் 9, திங்கள்

குழுவின் வாட்சாப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு எங்கள் குழு எந்தத் தொடர் ஓட்டத்திலும் கலந்துகொள்ள முடியாதாம். மும்தாஜ் ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "நீ ஓட முடியலன்னா யாரும் ஓடக் கூடாதா?"

ஜெசி போனை எடுக்கவில்லை. பதினோரு முறை அடித்தேன்.

குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். வரிசையில் பதினாலு பேருக்குப் பின்னால் நின்றேன். என் முறை வந்ததும் ஜெசி தலையை நிமிர்த்தவில்லை.

"கைரேகை வைங்க."

வைத்தேன். "ஜெசி, டாக்டரம்மாட்ட ஒருதரம் போயிட்டு வா. ஈசிஜி எடுக்க பத்து நிமிசந்தான்."

"அரிசி எவ்வளவு?"

"எனக்கு அரிசி வேண்டாம். நான் சொல்லுதத மட்டும் கேளு."

"சீனி, பருப்பு?"

"ஓடுறது இருக்கட்டும். மூட்ட தூக்காத. குனியாத. நான் ஒன் கால்லகூட விழுதேன்."

பின்னால் நின்ற பெண், "எம்மா, வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சுக்கிடுங்க, பால்காரன் வந்துருவான்" என்றாள். ஜெசி ரசீதைக் கிழித்து நீட்டினாள். "அடுத்து" என்றாள். பிறகு சீனி மூட்டையைக் குனிந்து இழுத்தாள். அவள் நிமிர்கிறவரை நான் மூச்சு விடவில்லை.

ஒரு கிலோ சீனியோடு வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

அவளிடம் நடக்காது என்று தெரிந்து அவள் வீட்டுக்காரர் சேவியரிடம் போனேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் கடையில் துடிப்புக் கணக்கையெல்லாம் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். எந்த நாளில் எவ்வளவு என்று ஒவ்வொரு தாளாகக் காட்டினேன்.

அவருக்கு அந்தக் கோடுகள் புரியவில்லை. ஆனால் நான் "ஓடும்போதே விழுந்துருவாங்க" என்று சொன்னதும் கையிலிருந்த குழாயைக் கீழே போட்டார். தண்ணீர் தெருவில் ஓடியது.

"அவங்கப்பா நாப்பத்திரெண்டு வயசுல கொளத்துல குளிச்சிட்டுக் கரையேறும்போது விழுந்து அப்படியே போய்ட்டாருக்கா. அண்ணன் கைப்பந்து வெளையாடிக்கிட்டு இருக்கும்போது. இருவத்தேழு வயசு. சூடு பிடிச்சிட்டுன்னாவ."

இரண்டு வருஷம் கூட ஓடியிருக்கிறேன். அவள் அண்ணனைப் பற்றி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என் நேரத்தையும் என் நாளையும் பற்றித்தான் பேசியிருக்கிறேன்.

"நீங்க எப்பக்கா பாத்திய இத?"

"ஞாயித்துக்கெழம காலையில" என்றேன். அந்த நேரத்தில் விவரமெல்லாம் எதற்கு. ஆள் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் முக்கியம்.

தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 12, வியாழன்

சேவியர் போன் செய்தார். டாக்டர் ஹெப்சிபாவிடம் காட்டி, அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, எக்கோ எடுத்தாகிவிட்டது. பிறவியிலேயே இதயத்தின் சுவர் தடித்திருக்கிறதாம். பரம்பரையாக வருவதாம். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும். மாத்திரை ஆயுசுக்கும். தேவைப்பட்டால் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைப்பார்களாம்.

ஓடவே கூடாது. மூட்டை தூக்கக் கூடாது.

"அந்தப் பந்தயத்துல ஓடியிருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாதுன்னுட்டாருக்கா பெரிய டாக்டர்" என்று சேவியர் போனிலேயே அழுதார். "எம்புள்ளைகளுக்கு ஆத்தாவத் திருப்பித் தந்துட்டிய."

இன்றோடு எனக்கும் மூன்று வாரம் முடிந்தது. நாளையிலிருந்து நான் ஓடலாம்.

டிசம்பர் 13, வெள்ளி

ஓடவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

ஜெசி வரச்சொன்னதாகச் சேவியர் கூப்பிட்டார். அத்தானையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். ஜெசி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். இந்த ஒரு வாரத்தில் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

சேவியர் அத்தானைத் தெருமுனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் வெளியே விளையாடின. அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

"எக்கா, ஒண்ணு கேக்கேன்" என்றாள். "நீங்க டாக்டரம்மாட்ட எந்தக் கெழம போனிய?"



"அவங்க இந்தத் தாளப் பாத்ததும், 'இது போன வாரம் கோமதி போன்ல பாத்ததாச்சே'ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அவரு வெளிய டோக்கன் போட்டுக்கிட்டு இருந்தாரு, அவருக்குக் கேக்கல. எந்தக் கெழமக்கா?"

முழுப் பூசணிக்காயை இதற்கு மேல் எந்தச் சோற்றில் மறைப்பது?

"வியாழக்கெழம."

அவள் விரலை மடக்கினாள். வியாழன். வெள்ளி. சனி. மூன்று விரலை மடக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழம மூணு கிலோமீட்டர் ஓடுனேன். அன்னைக்கி எம்மக பள்ளிக்கொடத்துல பாட்டுப் போட்டி. சீக்கிரம் போவணும்னு வேகமா ஓடுனேன்."

"ஜெசி."

"சனிக்கெழம சர்ச்சுகிட்ட உக்காந்துட்டேன்னு ஒங்ககிட்ட வந்து சொன்னேன்லா?"

"சொன்ன."

"தண்ணி குடின்னிய."

"ஆமா."

நான் அழுதேன். பயமாக இருந்தது, வெட்கமாக இருந்தது, உன்மேல் பொறாமையும் இருந்தது, எல்லாம் சேர்ந்து வாயைக் கட்டிவிட்டது என்று சொன்னேன். மன்னிச்சிரு என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"ஞாயித்துக்கெழம நைட்டியோட வந்து நின்னிய. அதும் நெசந்தான். அத நான் இல்லங்கல" என்றாள். "ஆனா இத அவருகிட்டச் சொல்லாதிய. தெனம் செவத்துல இருக்க மாதா படத்துக்கு வெளக்கு ஏத்தும்போது ஒங்க பேரச் சொல்லித்தான் கும்பிடுதாரு. அந்த மனுசனுக்கு அது இருக்கட்டும். நான் மட்டும் தெரிஞ்சிக்கிடுதேன்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சேவியர் கேக் டப்பாவோடு உள்ளே வந்தார். பின்னாலேயே இரண்டு பிள்ளைகளும் வந்தன. "பெரியம்மா காலத் தொட்டுக் கும்பிடுங்கல" என்றார். பெண் குனிந்தாள், பையனும் குனிந்தான். அவர் டப்பாவை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அத்தான் என் பக்கத்தில் பெருமையோடு நின்றார். ஜெசி கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாங்கிக்கொண்டேன்.